சக்கரப் பலகையும் சென்சியின் பூமுடியும்

ரோமெட் நேராக நின்று யாரும் பார்த்ததில்லை. இடது தோள் முன்னால், வலது தோள் பின்னால், முழங்கால் கொஞ்சம் மடங்கி, எப்போதும் பக்கவாட்டில்தான் நிற்பான். பஸ் ஸ்டாப்பிலும் அப்படித்தான், கோயிலில் நற்கருணை வாங்கும் வரிசையிலும் அப்படித்தான். வாலிபத்திலிருந்து குளிர்காலம் முழுக்கப் பனிப்பலகையில் நின்றே வளர்ந்த உடம்பு. ஆஸ்திரியாவின் டிரோல் மலைநாட்டில் எங்கள் பள்ளத்தாக்குக்கு முதல் பனிப்பலகையைக் கொண்டுவந்தவன் அவன்தான். காலுக்கு ஒரு பலகை கட்டிச் சறுக்கியே பழகிய எங்கள் பெரியவர்கள், "ஒத்தைப் பலகைல ரெண்டு காலையும் கட்டிக்கிட்டு எறங்குறானே, இவனுக்குக் கட்டில்ல சாவு கெடையாது" என்றார்கள். அவன் சாகவில்லை. அதையே தொழிலாக்கி, வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாராகிவிட்டான்.

நான் வெண்டெலின். குளிர்காலத்தில் ரோப் கார் ஓட்டுகிறவன், வருடம் முழுக்க ஊர் பேண்டில் பெரிய டிரம் அடிக்கிறவன். ரோமெட் என் நண்பன் என்று குளிர்காலத்தில் யார் கேட்டாலும் சொல்வேன். கோடையில் கேட்டால் கொஞ்சம் யோசிப்பேன்.

ஏனென்றால் கோடையில் அவன் மனுஷனே இல்லை. பனி உருகி முதல் புல் தெரிந்த அன்றைக்கே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். ஊரே புல் அறுத்துக் காயப்போட்டு ஓடியாடிக்கொண்டிருக்கும். இவன் கையில் புல் கூட்டும் வாரியை வைத்துக்கொண்டு, ஜூலை மாதத்தில், பனி விழுமா என்று வானத்தைப் பார்ப்பான். "பச்சையா இருக்கு, எங்க பாத்தாலும் பச்சையா இருக்கு" என்று ஏதோ வியாதியைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வான். எனக்கு எரிச்சலாக வரும். புல் பச்சையாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்?

அவன் மனைவி ஒட்டிலி. பண்ணை அவளுடையது, அவள் அப்பா வழியில் வந்தது. ரோமெட் வீட்டோடு மாப்பிள்ளை. ஒட்டிலியின் வீடு தீப்பிடித்தால் அவள் முதலில் மாடுகளை அவிழ்த்துவிடுவாள், அப்புறம் பால் கேன்களைத் தூக்குவாள், அதற்கு மேலும் நேரமிருந்தால் ரோமெட்டை எழுப்புவாள் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. ரோமெட்டே அதைச் சொல்லிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பு எனக்கு ஒருநாளும் முழுச் சிரிப்பாகப் பட்டதில்லை.

மாடுகளில் பெரியவள் சென்சி. மந்தைக்குத் தலைமாடு. அவள் நடந்தால் மற்றவை நடக்கும், அவள் நின்றால் பிஷப்பே வந்து தள்ளினாலும் ஒன்றும் நகராது. செப்டம்பரில் மலைமேய்ச்சல் முடிந்து மாடுகள் ஊருக்கு இறங்கும்போது, கோடை முழுக்க மேலே ஆளுக்கும் மாட்டுக்கும் ஒரு சேதமும் இல்லையென்றால் அந்த வீட்டுத் தலைமாட்டுக்குப் பூமுடி உண்டு. தேவதாருக் கிளையும் காகித ரோஜாவும் ஜரிகையுமாக, மாட்டின் தலையைவிடப் பெரிதாக இருக்கும். சேதம் கண்ட வீட்டு மாடு வெறுந்தலையோடு இறங்கும். பார்த்ததுமே ஊர் புரிந்துகொள்ளும், யாரும் வாயைத் திறந்து கேட்கவேண்டியதில்லை.

சென்சி தலைமாடு ஆனதிலிருந்து ஒரு தடவைகூடப் பூமுடி வைத்ததில்லை. முதல் வருடம் ஒட்டிலியின் கிடாரி ஒன்று இடி விழுந்து செத்தது. அடுத்த வருடம் மாடு பார்க்க மேலே போன ஒட்டிலியின் அப்பா, கொட்டகை வாசலில் உட்கார்ந்தபடியே போய்ச்சேர்ந்தார். இப்போது சென்சிக்கு வயதாகிவிட்டது. இந்தக் கோடைதான் அவளுக்கு மலையில் கடைசி. ஒட்டிலி ஈஸ்டர் முடிந்த கையோடு காகித ரோஜா சுற்ற ஆரம்பித்துவிட்டாள். சாப்பாட்டு மேசையில் ரோஜா, ஜன்னலில் ரோஜா, ரோமெட்டின் தொப்பிக்குள் ரோஜா.

அந்த நேரம் பார்த்துத்தான் சக்கரப் பலகை வந்து சேர்ந்தது. ரோமெட்டிடம் படித்த ஒரு ஹாலந்துக்காரர் அனுப்பியது. பனிப்பலகை மாதிரியே நீளம், கால் மாட்டும் பட்டை, அடியில் காற்றடித்த நாலு சக்கரம். பனியில்லாத காலத்தில் புல்சரிவில் இறங்குவதற்கென்றே செய்தது. அந்த மனுஷர் ஆசையாக வாங்கிவிட்டு, அப்புறம்தான் தன் ஊரில் மேடே கிடையாது என்பதை யோசித்திருக்கிறார்.

ரோமெட் பெட்டியைப் பிரித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். சக்கரத்தைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினான். அது நிற்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தான். "வெண்டெலின், புல்லு அவ்வளவு மோசமில்லடா" என்றான்.

ஒட்டிலி அடுப்படியிலிருந்து வந்தாள். "அது என்ன?"

"ஒண்ணுமில்ல. பலகை."

"பலகைக்கு எதுக்குச் சக்கரம்?" அவளுக்குப் புரிய ஒரு நொடி போதும். "இங்க பாரு ரோமெட். மாடு எறங்குற வரைக்கும் நீ இதைத் தொடக்கூடாது. மேல உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா சென்சி தலை மறுபடியும் மொட்டை."

"எனக்கு ஆகும்னு கவலையா, சென்சி தலை மொட்டையாகும்னு கவலையா?"

"கவலை ஒண்ணுதான். எதுக்குப் பிரிச்சுப் பிரிச்சுக் கேக்குற?"

"சும்மா ஏறி நிக்கலாமா? உருட்டாம?"

"நில்லு. உருட்டின, காலை ஒடைப்பேன்."

அன்றிலிருந்து அவன் வீட்டுக்குள் எல்லாவற்றையும் அதன்மேல் நின்றுகொண்டே செய்தான். உருளைக்கிழங்கு உரித்தான், பேப்பர் படித்தான், ஒருநாள் நான் போனபோது அதன்மேல் நின்றபடி முடிவெட்டிக்கொண்டிருந்தான். சக்கரத்துக்கு அடியில் நாலு பக்கமும் விறகுக் கட்டை முட்டுக் கொடுத்திருந்தது. முழங்காலை மடக்கி, கண்ணைப் பாதி மூடி, வாயால் 'உஷ்' என்று காற்றுச் சத்தம் கொடுத்தான். ஒட்டிலி கத்தரியோடு பின்னால் நின்று, "ஆடாத, காது போயிரும்" என்றாள்.

ஆகஸ்டில் மாதா திருநாள் வந்தது. அன்றைக்கு மூலிகைக் கட்டை மந்திரித்து வாங்க ஊரே கோயிலில் இருக்கும். மேலே ஒட்டிலியின் மந்தையைப் பார்த்துக்கொண்டு பாலாடைக்கட்டி காய்ச்சும் ரோசினாவுக்கு மட்டும் எந்த வருடமும் பூசை கிடையாது. அதற்கு முந்தின நாள் ரோமெட் மலையேறிப்போய், "நீ எறங்கிப் போ ரோசினா, மாட்டை நான் பாத்துக்கறேன்" என்றிருக்கிறான்.

"நீயா? புல்லைப் பாத்தாலே உனக்கு வயித்தை வலிக்குமே?"

"பாவம், நீயும் எத்தனை வருஷமா பூசை பாக்காம இருக்க."

கிழவிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் உப்புப் பையை எடுத்து அவன் இடுப்பில் கட்டிவிட்டாள். உள்ளே கல் உப்பும் சில தகரத் துண்டும் கிடக்கும். "எந்த மாடாவது தள்ளிப் போனா இதைக் குலுக்கு. சத்தம் கேட்டா எங்க இருந்தாலும் உப்புக்கு ஓடி வந்துரும்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அவன் சுமந்துகொண்டு வந்த மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

அப்புறம் நடந்தது அவன் எனக்கு ஆஸ்பத்திரியில் சொன்னது. பனியைப் பற்றி அவன் சொல்வதில் பாதியைக் கழித்துவிடவேண்டும். இதில் எதையும் கழிக்க முடியாது, மாடுகளை ஊரே பார்த்தது.

காலையில் பால் கறந்து முடித்து, மேய்ச்சலின் அடிவாரத்திலிருக்கும் வேலிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறான். வேகம் மிஞ்சினால் அப்படியே ஊர்ச் சாலையில் ஓடவிட்டு நிறுத்தலாம் என்று திட்டம். எங்கள் மலையில் குழந்தை பேசக் கற்பதற்கு முன்னால் வேலிக் கதவைச் சாத்தக் கற்கும். அந்தக் கதவைத்தான் இந்தப் பெரிய மனுஷன் விரியத் திறந்து கல்லும் வைத்திருக்கிறான். பிறகு உச்சிக்கு ஏறி, தலைக்கவசம் போட்டு, பட்டையில் காலை மாட்டி, கிளம்பிவிட்டான்.

"வெண்டெலின், சொன்னா நம்பமாட்ட. மொத நிமிஷம் சொர்க்கம்டா. ஆகஸ்ட் மாசத்துல, காத்து காதுல அடிக்குது. நான் பாடிட்டே எறங்கினேன்."

பாடியதால் இடுப்புச் சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை. ஒவ்வொரு மேடுபள்ளத்துக்கும் உப்புப் பை குலுங்கியிருக்கிறது. மாடுகளுக்குக் கேட்டிருக்கிறது. ரோசினா அத்தனை வேகமாக ஒருநாளும் குலுக்கியதில்லை. இன்றைக்கு உப்பு நிறைய உண்டு என்று நினைத்திருக்கும்போல, மொத்த மந்தையும் வாலைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடி வந்தது. முன்னால் சென்சி.

நிலம் அதிர்வது தெரிந்து இவன் திரும்பிப் பார்த்திருக்கிறான். அப்போதுதான் உயிர் பயம் வந்தது. நிற்கவேண்டும் என்று பனியில் செய்வதுபோலப் பலகையைக் குறுக்கே திருப்பினான். பனி என்றால் பலகை வழுக்கிக்கொண்டே நின்றுவிடும். சக்கரம் வழுக்குமா? புல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு பக்கம் பிய்த்துக்கொண்டு ஓடியது. கைப்பிரேக் ஒன்று இருந்ததாம், அது பெட்டியிலேயே இருந்ததாம். இவன் வேகம் கூடக் கூட உப்புப் பை கூடுதலாகக் குலுங்கியது, பை குலுங்கக் குலுங்க மாடுகளுக்கு வேகம் வந்தது. "பையை அவுத்து எறியவேண்டியதுதானே?" என்று கேட்டேன். "மாடு ஏன் தொரத்துதுன்னே எனக்குத் தெரியாதுடா! என் மேல ஏதோ கோவம்னுல்ல நெனச்சேன்!" என்றான்.

வேலிக் கதவுக்கு நேராக வந்தவன், கதவு வழியாகப் போகாமல், கதவுக் கம்பத்தில் தோளை இடித்து, பக்கத்திலிருந்த சாணிக் குவியலில் போய்த் தலைகீழாகச் செருகிக்கொண்டான். சாணி அவனைக் காப்பாற்றியது. மாடுகள் அவனைத் தாண்டி, திறந்த கதவு வழியாகச் சாலைக்கு வந்தன. சாலைக்கு வந்த பிறகு சென்சிக்கு யாரும் வழி சொல்லவேண்டியதில்லை. அவள் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

கீழே பூசை முடிந்து நாங்கள் கோயில் சதுக்கத்தில் நின்றிருந்தோம். பேண்டுக்காரர்கள் சீருடையில், பெண்கள் திருநாள் உடுப்பில், கையில் மூலிகைக் கட்டு. முதலில் மணிச் சத்தம் கேட்டது. பிறகு தெரு முனையில் சென்சி வந்தாள், பின்னால் மொத்த மந்தையும். ஆகஸ்ட் மாதத்தில். வெறுந்தலையோடு.

வேறு எந்த ஊராக இருந்தாலும் மாடு தப்பி வந்துவிட்டது, பிடித்துக் கட்டு என்பார்கள். எங்கள் ஊரில் ஒரு ஆள் அப்படி யோசிக்கவில்லை. ஆண்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். நானும்தான். காலம் வருமுன்னே, பூவில்லாமல், மேய்ப்பவர் இல்லாமல் மந்தை தானே இறங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாரோ, "மேல யாரு இருந்தது?" என்று மெதுவாகக் கேட்டார்கள். ரோசினா வாயைப் பொத்திக்கொண்டு ஒட்டிலியைப் பார்த்தாள். எல்லோரும் ஒட்டிலியைப் பார்த்தோம்.

பேண்டு மாஸ்டர் கையைத் தூக்கினார். சாவுக்கு வாசிப்பதை ஆரம்பித்தோம். நான் டிரம்மை அடித்தேன், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, அடிக்கிறேன். பாதிரியார் சிலுவை போட்டார். ஒட்டிலி மட்டும் அசையாமல் நின்று, பிறகு நேரே சென்சியிடம் போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"சென்சி, அவன் எங்கடி? எங்க விட்டுட்டு வந்த அவனை?" என்று கேட்டாள். மாடு அவள் கையை உப்புக்காக நக்கியது. ஒட்டிலி அப்படி அழுது நான் பார்த்ததில்லை, அவள் அப்பா போனபோதுகூட.

நாங்கள் இரண்டாவது தடவை வாசித்துக்கொண்டிருந்தபோது என் முதுகுப் பக்கம் பயங்கரமாக நாறியது. திரும்பினேன். தலையிலிருந்து கால்வரை சாணி. ஒரு கக்கத்தில் சக்கரப் பலகை. சாவுப் பாட்டு என்பதால் தலைக்கவசத்தை மரியாதையாகக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நின்றான்.

"யாருடா போயிட்டா?" என்று கிசுகிசுத்தான்.

"நீதான்" என்றேன்.

அவனுக்கு முகம் வாடிவிட்டது. தன்னைப் பற்றி என்றுகூடப் புரியாமல், "ஐயோ" என்றான்.

டிரம் நின்றது. பிறகு ஒவ்வொரு வாத்தியமாக நின்றது. ஒட்டிலி திரும்பிப் பார்த்தாள். நேராக வந்து அடிக்கக் கையை ஓங்கினாள். எங்கே அடித்தாலும் கையில் ஒட்டும் என்பதால் இறக்கிக்கொண்டாள்.

"நீ செத்துட்டன்னு நெனச்சேன்டா, நாசமாப் போறவனே!"

"எனக்கு ஒண்ணுமே ஆகல" என்றான் ரோமெட் அவசரமாக, ஊருக்கே கேட்கிற குரலில். "எல்லாரும் கேட்டுக்குங்க, ஒரு கீறல்கூட இல்ல. பூமுடி வெக்கலாம்." இதைச் சொல்லும்போதே அவன் உதடு வெள்ளையாக இருந்தது. எனக்கு எங்கே அதெல்லாம் தெரிந்தது? நண்பன் உயிரோடு வந்த சந்தோஷத்தில் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். அவன் போட்ட கூச்சலில் மாடுகள் இன்னும் கொஞ்ச தூரம் ஓடின. காறை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது.

அன்று சாயங்காலமே மந்தையைத் திரும்ப மேலே ஏற்றிவிட்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மது விடுதியில் மேய்ச்சல் சங்கம் கூடியது. தலைவர் கஸ்பர் நல்ல மனுஷர், ஆனால் தீர்ப்புச் சொல்வதென்றால் ரொம்பப் பிடிக்கும். ஒட்டிலி மேல் எல்லோருக்கும் இரக்கம். மூன்றாவது வருடமும் சென்சி வெறுந்தலையோடு இறங்கவேண்டுமா என்று வழி தேடிக்கொண்டிருந்தார்கள். கஸ்பர் வழி கண்டுபிடித்துவிட்டார்.

"வழக்கம் என்ன? மேல வேலை செய்ற ஆளுக்கும் மாட்டுக்கும் சேதம் வந்தா பூ கெடையாது. ரோமெட் மேல வேலை செய்ற ஆளா? கோடைல அவன் எங்கயுமே வேலை செய்றதில்லயே!" விடுதியே சிரித்தது. "அவன் மாடும் இல்ல, மேய்க்கிறவனும் இல்ல. வெளையாடப் போனான், விழுந்தான். அவன் கணக்குலயே வரமாட்டான். ஒட்டிலி, நீ தாராளமா பூமுடி வை."

எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த ரோமெட்டுக்கும் முகமெல்லாம் சந்தோஷம். "ஆமாமா, கஸ்பர் சொல்றதுதான் சரி. நான் கணக்குல வரமாட்டேன்" என்று நல்ல கையால் மேசையைத் தட்டினான்.

ஒட்டிலி எழுந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தோம்.

"அன்னைக்குக் காலைல மாட்டை யார் கறந்தது?" என்று கேட்டாள்.

கஸ்பர் விழித்தார். "ரோமெட்தான்..."

"ரோசினா பூசைக்கு வந்தப்ப மந்தை யார் பொறுப்புல இருந்தது? உப்புப் பை யார் இடுப்புல இருந்தது?"

"ஒட்டிலி, நான் உனக்கு நல்லதுக்குத்தானே சொல்றேன். நீ எதுக்கு எதிர்க்கட்சி பேசுற?"

"உப்புப் பை கட்டினவன் மேய்க்கிறவன். இது நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இருக்கற வழக்கம், கஸ்பர்."

"அடியே உக்காரு" என்று ரோமெட் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தான். "கெடைச்சதைக் கெடுக்காத. ஈஸ்டர்ல இருந்து ரோஜா சுத்தியிருக்க. சென்சிக்குக் கடைசி வருஷம்."

"எனக்குத் தெரியாதா கடைசி வருஷம்னு?" அவள் பாவாடையை விடுவித்துக்கொண்டாள். "சென்சிக்கு நான் பூ வெச்சுப் பாக்கணும்னு எவ்வளவு ஆசைப்பட்டேன்னு உங்க யாருக்கும் தெரியாது. ஆனா அன்னைக்கு அவ தனியா எறங்கி வந்தப்ப எனக்கு எப்படி இருந்துச்சுன்னும் தெரியாது. ஒண்ணுமே நடக்காத மாதிரி அவ தலைல பூவை வெச்சுக் கூட்டிட்டு வரமுடியாது என்னால. ஒரு கிடாரி செத்ததுக்கு வெறுந்தலை. எங்கப்பாவுக்கு வெறுந்தலை. என் வீட்டுக்காரன் எலும்பு ரெண்டா போயிருக்கு, அவன் மட்டும் கணக்குல வரமாட்டானா?"

கஸ்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் தீர்ப்பைத் தானே மாற்றி, "சேதம்தான்" என்றார். ரோமெட் வாயைத் திறந்தபடி மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தான். வாதத்தில் ஜெயித்துப் பூமுடியை இழந்த ஒட்டிலி ஒரு கிளாஸ் ஷ்னாப்ஸ் சாராயத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

செப்டம்பரில் மாடுகள் இறங்கின. சாலையின் இரண்டு பக்கமும் வெளியூர்க் கூட்டம். மற்ற வீட்டு மாடுகள் ஆடி அசைந்து பூமுடியோடு போயின. ஒட்டிலி சுற்றிய ரோஜாக்களையும் அவளே பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டாள், அதனால் அந்த வருடம் எல்லாத் தலையும் ரொம்பப் பெரிதாக இருந்தது. கடைசியாகச் சென்சி வந்தாள், வெறுந்தலையோடு. ஒரு பக்கம் ஒட்டிலி, மறுபக்கம் கையைத் துணித் தொட்டிலில் தொங்கவிட்ட ரோமெட், மலையிறக்கத்தில் பக்கவாட்டில் நடந்தபடி.

பேண்டு நின்ற இடத்தில் ஒரு வெளியூர் அம்மா கேமராவோடு நின்றிருந்தார். "இந்த மாட்டுக்கு மட்டும் ஏன் பூ இல்ல?" என்று ஒட்டிலியைக் கேட்டார்.

"மேல என் வீட்டுக்காரருக்கு ஆபத்து வந்துடுச்சு. அதான் இந்த வருஷம் பூ வெக்கல."

அந்த அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். "அடக் கடவுளே. ரொம்ப நல்ல மனுஷரா இருந்தாரா?"

ஒட்டிலி மாட்டின் முதுகுக்கு மேலாக ரோமெட்டை ஒரு பார்வை பார்த்தாள். "சுமார்தான்" என்றாள். "ஆனா அவர் இல்லாம எனக்கு முடியாது."

ரோமெட்டுக்கு அது கேட்டது. முகத்தைச் சென்சியின் கழுத்தில் மறைத்துக்கொண்டு நடந்தான். ஆனாலும் தேம்புகிற சத்தம் எங்கள் வரிசை வரைக்கும் வந்தது. நான் டிரம்மைக் கொஞ்சம் பலமாக அடித்தேன்.